சத்தத்துக்குக் காசா, சக்திக்குக் காசா?



இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுங்கை பட்டாணிக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அப்பனுக்கும் மகனுக்கும் வாக்குவாதம் நடப்பது காதில் விழுந்தது.

மகனுக்கு வயது இருபத்து மூன்று. பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை. போன ஆண்டு பழைய யமஹா ஆர்25 மோட்டார் ஒன்றைத் தவணையில் வாங்கியிருக்கிறான். இப்போது கையில் போனஸ் பணம் இருக்கிறது. அதைக் கொண்டு ‘எக்ஸோஸ்’ மாற்ற வேண்டுமாம். தகப்பனாருக்குச் சம்மதமில்லை. அவர் முப்பது ஆண்டுகள் செம்பனை ஆலையில் வேலை செய்தவர். அந்த இயந்திர இரைச்சலில் இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. நாம் சொல்வதை இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

"வாங்கய்யா, நீங்களே கேளுங்க. எனக்கு மிசின் சத்தத்துல சும்மாவே காது போச்சு. இவன் காசு குடுத்து வாங்கணுங்கறான்!" என்றார் அவர்.

"அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது மாமா. எக்ஸோஸ் மாத்துனா பவர் ஏறும். கூட்டாளிங்க எல்லாரும் மாத்திட்டாங்க" என்றான் மகன்.

இரண்டு பேர் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. நமது தோட்டங்களிலும் தாமான்களிலும் இதே வழக்கு எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025-ல் ஆன நாடு இது. ஆயிரம் வெள்ளிக்கு மேல் விலை சொல்லும் ஒரு குழாயை வாங்குமுன் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்து கொள்ள வேண்டாமா? "வா தம்பி, தெரிந்தவரிடமே கேட்போம்" என்று அவனை அழைத்துக்கொண்டு எனக்குப் பழக்கமான மோட்டார் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆர்எக்ஸ்இசட் காலத்து மனிதர். ஸ்பேனர் பிடித்தே தலை நரைத்தவர். அவர் சொன்னதையும், நான் விசாரித்துத் தெரிந்து கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பழைய கதை வேறு, புதிய மோட்டார் வேறு

"எக்ஸோஸ் மாத்துனா பறக்கும்னு உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எங்க சித்தப்பா சொன்னாரு அங்கிள்."

"அவரு எந்த மோட்டார் ஓட்டுனாரு?"

"ஆர்எக்ஸ்இசட்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். சித்தப்பா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது டூ ஸ்ட்ரோக் காலத்து உண்மை. 133 சிசி ஆர்எக்ஸ்இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் இஞ்சினில், எரிந்த புகை வெளியே போகும் வழியை மூடித் திறக்கத் தனி வால்வு கிடையாது. பிஸ்டன்தான் அந்த வழியை மூடும், திறக்கும். அதனால் புதிய பெட்ரோல் கலவையில் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து வெளியே ஓடப் பார்க்கும். வயிறு பெருத்த அந்தக் குழாய்தான் ஓர் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, தப்பியோடிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். கிழக்கு ஜெர்மனியின் எம்சட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950களில் இந்த வித்தையை மெருகேற்றினார். அவரிடம் இருந்த பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் நாட்டை விட்டுத் தப்பி சுசுக்கியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுக்கிக்குக் கிடைத்தது. குழாயின் வடிவம் அவ்வளவு பெரிய வேலை செய்யும் இஞ்சின் அது.

ஆர்25 போன்றவை ஃபோர் ஸ்ட்ரோக். இவற்றுக்குத் தனித்தனி வால்வுகள் உண்டு. குழாய்க்கு இங்கேயும் பங்கு இருக்கிறது. ஆனால் சித்தப்பா கண்ட வித்தியாசத்தை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

குழாயின் வேலை என்ன?

புகை வால்வு திறந்ததும் சூடான வாயு ஓர் அழுத்த அலையாகக் குழாய்க்குள் பாய்கிறது. இரண்டு குழாய்கள் ஒன்று சேரும் இடத்திலோ, குழாய் அகலும் இடத்திலோ அந்த அலை திரும்புகிறது. திரும்பும்போது உறிஞ்சும் அலையாக வருகிறது. உள்ளிழுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் ஒரு கணம் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்துப் புதிய கலவை உள்ளே வர உதவும். முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் பயனில்லை.

ஆர்25-ன் உச்ச சக்தி ஏறத்தாழ 36 குதிரைத்திறன். அது கிடைப்பது நிமிடத்துக்கு 12,000 சுற்றில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வினாடிக்கு 200 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வால்வு திறப்பதால், ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வினாடிக்கு 100 முறை அலை கிளம்புகிறது. குழாயின் நீளமும் விட்டமும் இந்தக் கணக்குக்குத்தான் அளவெடுத்துச் செய்யப்படுகின்றன.

"இஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. இஞ்சினுக்கு வேண்டியது வாயுவின் வேகமும் சரியான நேரத்தில் திரும்பும் அலையும்தான். குழாய் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் வாயுவின் வேகம் குறையும். கீழ்ச் சுற்றில் இழுவை போய்விடும். தோட்டத்துச் செம்மண் மேட்டிலும் பட்டணத்துச் சிவப்பு விளக்கிலும் நமக்கு வேண்டியது கீழ்ச் சுற்று இழுவைதானே? 12,000 சுற்றில் நாம் எத்தனை நிமிடம் ஓட்டப் போகிறோம்?

இரண்டு வகை உண்டு

கடையில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று ‘ஸ்லிப்-ஆன்’. பின்னால் உள்ள சைலன்சரை மட்டும் மாற்றுவது. மாட்டுவது சுலபம், விலையும் குறைவு. எடை கொஞ்சம் குறையும், தோற்றம் மாறும், சத்தம் மாறும். சக்தியில் வரும் வித்தியாசம் மிகச் சொற்பம். ஓட்டுகிற ஆளுக்குத் தெரிவதே கடினம்.

மற்றது ‘ஃபுல் சிஸ்டம்’. இஞ்சினிலிருந்து வரும் முன்குழாய் முதல் கடைசி வரை எல்லாவற்றையும் மாற்றுவது. சக்தி கூடுவது என்றால் பெரும்பாலும் இதில்தான். ஆனால் விலை ஏறும். அதோடு வேலை முடியாது. புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலைசர் பெரும்பாலும் இதில் கழன்று போகும். சில மோட்டார்களில் கேட்டலைசர் நடுக்குழாயில் இருக்கும், சிலவற்றில் சைலன்சருக்குள்ளேயே இருக்கும். உங்கள் மோட்டாரில் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான சங்கதி. இக்கால மோட்டாரில் எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதை ஒரு கணினிப் பெட்டி தீர்மானிக்கிறது. குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார் அதற்குத் தகவல் சொல்லும். நிதானமாக ஓட்டும்போது பெட்டி தானே திருத்திக்கொள்ளும். முறுக்கிப் பிடித்து ஓட்டும்போது அது முன்பே எழுதி வைத்த கணக்கின்படிதான் போகும். ஃபுல் சிஸ்டம் போட்டுவிட்டு அந்தக் கணக்கை மாற்றாவிட்டால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றாகிவிடும். இஞ்சின் கூடுதலாகச் சூடேறும். முறுக்கை விட்டதும் ‘பட பட’ என்று வெடிக்கும். இளைஞர்கள் அதை ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். பல சமயம் அது கலவை சரியில்லை என்றோ, மூட்டில் புகை கசிகிறது என்றோ இஞ்சின் முறையிடுவது! ஆகவே ஃபுல் சிஸ்டம் வாங்குகிறவர் கணினியைச் சரிசெய்யும் கூலியையும் சேர்த்துத்தான் விலை என்று எண்ண வேண்டும்.

எந்த உலோகம் நல்லது?

சாயம் பூசிய சாதா இரும்பு மலிவு. நம் நாட்டு மழைக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் எஃகு கொஞ்சம் கனம். ஆனால் உழைக்கும், விலையும் தாங்கும். டைட்டானியம் மிக லேசு. ஒரு கிலோ எஃகுத் துண்டின் அளவுக்கே டைட்டானியம் எடுத்தால் 600 கிராமுக்கும் குறைவுதான். விலையோ எட்டாத உயரம். கார்பன் என்பது பெரும்பாலும் வெளி உறை மட்டுமே; விழுந்தால் உடையும்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டாரும் ஆளும் சேர்ந்து 230 கிலோவுக்கு மேல் வரும். குழாயில் மூன்று கிலோ குறைத்தாலும் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கூட இல்லை. பந்தயத்தில் அது பெரிய காரியம். வேலைக்குப் போகிறவருக்கு, ஒரு நாள் சோற்றுச் சட்டியை வீட்டில் விட்டுப் போனது போலத்தான்!

பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள்

ஜப்பானின் யோஷிமுரா 1954-ல் தொடங்கிய பட்டறை. 1978-ல் முதன்முதலாக நடந்த சுசுக்கா 8 மணி நேரப் பந்தயத்தில் வென்றது அவர்கள் தயாரித்த சுசுக்கிதான். ஸ்லோவேனியாவின் அக்ராபோவிச், பந்தய வீரராக இருந்த ஒருவர் தம் பெயரிலேயே வளர்த்த நிறுவனம். இப்படிப் பேர் பெற்றவர்களின் முத்திரையைத் திருட்டுத்தனமாக ஒட்டிய போலிகள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. அசல் விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது என்றால் அது அசல் அல்ல. போலியில் பற்றவைப்பு கரடுமுரடாக இருக்கும். சத்தத்தை அடக்க உள்ளே சுற்றும் கண்ணாடிப் பஞ்சு பேருக்குத்தான் இருக்கும். சில மாதத்தில் அது எரிந்து பறந்ததும் தகர டப்பா போல அலறும். அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் ரசீதோடு வாங்குங்கள். போலிப் பெயருக்குக் காசு கொடுப்பதைவிடப் பெயரில்லாத நேர்மையான சரக்கு மேல்.

முத்திரை என்றால் தேட வேண்டியது வேறு ஒன்று. மாற்றுச் சைலன்சர்களுக்கென்றே ஐக்கிய நாட்டு அமைப்பின் 92-ஆம் விதி இருக்கிறது. அதன்படி சோதித்துத் தேறிய சைலன்சரில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எண் 1 என்றால் ஜெர்மனி, 3 என்றால் இத்தாலி, 4 என்றால் நெதர்லாந்து ஒப்புதல் தந்தது என்று பொருள். ‘பந்தயத்துக்கு மட்டும்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அது சாலைக்கு ஆகாது என்று செய்தவனே சொல்கிறான் என்று அறிந்துகொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் அதே 1987-ல் வந்த வாகன இரைச்சல் விதிகளும் இருக்கின்றன. அனுமதியின்றி வாகனத்தை மாற்றுவதும் அளவுக்கு மேல் சத்தம் எழுப்புவதும் குற்றம். போலீஸ், ஜே.பி.ஜே., சுற்றுச்சூழல் இலாகா ஆகியவை சேர்ந்தே சாலையில் சோதனை நடத்துவதுண்டு. ஆகவே ‘ஈ’ முத்திரை இருந்தாலும், வாங்குமுன் உங்கள் மோட்டாருக்கு அது செல்லுமா என்று ஜே.பி.ஜே. முகப்பில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம். தவணை முடியாத மோட்டாரைப் பறிகொடுத்துவிட்டு நிற்பதைவிட அரை நாள் லீவு போடுவது மேல். காப்புறுதிக் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். பழைய குழாயைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கவும் விற்காதீர்கள். மோட்டாரை விற்கும் நாளில் அதுவே விலை பேசும்.

சிலர் சைலன்சர் வாயில் திருகியிருக்கும் சத்தக் குறைப்பியை, அதாவது ‘டிபி கில்லர்’ என்ற சின்னக் குழாயை, கடையை விட்டு வெளியே வந்ததும் கழற்றி எறிகிறார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அது இவர்களுக்குப் பொருந்தும்.

காது போனால் வாங்க முடியாது

"சத்தம் இருந்தாத்தான் லாரிக்காரன் ஒதுங்குவான்" என்றும் ஒரு பேச்சு உண்டு. குழாயின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. சத்தமும் பெரும்பாலும் பின்னால்தான் போகிறது. எதிரே வரும் லாரிக்காரர் உங்களைக் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். பகலிலும் மோட்டார் விளக்கு எரிய வேண்டும் என்று 1992-ல் விதி வந்தது இதற்காகத்தான்.

வேலையிடத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்குச் சராசரி 85 டெசிபலுக்கு மேல் கூடாது என்பது 2019-ஆம் ஆண்டு விதி. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகிறது. 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு மணி, 94 என்றால் ஒரு மணி. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே இந்த அளவைத் தாண்டிவிடும். அதற்கு மேல் குழாய் அலறலும் சேர்ந்தால்? காதின் உள் நரம்பு செத்தால் மறுபடி முளைக்காது. அந்தத் தகப்பனாரைக் கேட்டால் சொல்வார்.

சத்தத்தை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி. குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைச் சாய்வில் கைப்பேசியின் ஒலி அளக்கும் செயலியை வையுங்கள். மோட்டாரை நிறுத்தி வைத்தபடி உச்ச சக்திச் சுற்றில் பாதிக்கு, ஆர்25 என்றால் 6,000 சுற்றுக்கு, முறுக்குங்கள். பழைய குழாயில் எவ்வளவு, புதியதில் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். கைப்பேசிக் கணக்கு சட்டத்துக்குச் செல்லாது, வித்தியாசத்தைக் காட்டும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

- மூட்டுக்குப் புதிய கேஸ்கெட் போடச் சொல்லுங்கள். பழையதையே போட்டால் புகை கசியும்.
- முதலில் எல்லா ஆணியையும் லேசாகப் பூட்டி, குழாய் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். வலுக்கட்டாயமாக இழுத்துப் பூட்டினால் பின்னால் விரிசல் விடும்.
- முதல் தடவை ஸ்டார்ட் செய்யுமுன் கைரேகை எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் கறையாகப் பதிந்துவிடும்.
- சில நாள் ஓட்டிய பிறகு ஆணிகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.
- பஞ்சு சுற்றிய சைலன்சர் என்றால், சத்தம் கூடத் தொடங்கியதும் பஞ்சை மாற்ற வேண்டும். மாற்றப் பஞ்சு கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைக்காரர் தம்பியைப் பார்த்துக் கேட்டார்: "உண்மையச் சொல்லு. உனக்கு வேண்டியது வேகமா, அழகா, சத்தமா?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். "அழகு அங்கிள். கொஞ்சம் சத்தமும்தான்."

"அதுல தப்பு இல்ல. வயசு அப்படி. ஆனா உன் பின் டயரக் கொஞ்சம் பாரு."

குனிந்து பார்த்தோம். நடுவில் பூ தேய்ந்து வழவழவென்று இருந்தது. சங்கிலியும் தொங்கிக்கொண்டிருந்தது. மழை நாளில் அந்த டயரோடு தினமும் இருபது மைல் போய்வருகிறான் அந்தப் பிள்ளை! எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அன்று அவன் எக்ஸோஸ் வாங்கவில்லை. போனஸில் ஒரு பகுதிக்கு டயரும் சங்கிலியும் மாற்றினான். மிச்சத்தை எடுத்து வைத்தான். மூன்று மாதம் கழித்து ஜே.பி.ஜே. முகப்பில் கேட்டு விட்டு, முத்திரை உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்லிப்-ஆன் ஒன்றை ரசீதோடு வாங்கினான். சத்தக் குறைப்பியைக் கழற்றவில்லை. பழைய சைலன்சர் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

போன வாரம் மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரவு வேலை முடிந்து வந்த மகன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். "எப்படிங்க இருக்கு புது எக்ஸோஸ்?" என்று தகப்பனாரிடம் கொஞ்சம் உரக்கவே கேட்டேன்.

"எனக்கெங்கய்யா தெரியும்? எனக்குத்தான் காது கேக்காதே!" என்று சிரித்தார். அடுப்படியிலிருந்து தாயார் குரல் கொடுத்தார்: "எனக்கு நல்லா கேக்கும். இவன் எப்ப வந்தான்னு எனக்கும் தெரியல."

தம்பிமார்களே, ஆசைப்படுங்கள், வாங்குங்கள். ஆனால் முதலில் டயரைப் பாருங்கள், பிறகு முத்திரையைப் பாருங்கள், கடைசியாக விலையைப் பாருங்கள். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் லயத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தூக்கத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.